மனநல பாதிப்போடு சிறையில் இருக்கும் என் தம்பிக்கு, வெளியே வருவதற்குள் ஆதார் எடுக்க முடியுமா?

கேள்வி கேட்ட சகோதரி விவரமாகவே எழுதியிருக்கிறார். தம்பி ஒரு வருடத்துக்கும் மேலாக விசாரணைக் கைதி. உள்ளே மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த மாதம் வழக்கு முடிந்து வெளியே வரக்கூடும். ஆதார், ஓட்டர் ஐடி எதுவும் கையில் இல்லை. வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா, இப்போதே செய்ய முடியுமா?

இப்போதே செய்யுங்கள். வெளியே வந்த பிறகு என்று தள்ளிப்போட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல, மருத்துவரும் அல்ல. தபால் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்து தென்மாவட்டத்து மத்திய சிறை ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள் போய் வந்தேன். எந்தச் சிறை என்று சொல்லப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம். சட்ட விஷயத்தில் நான் எழுதுவதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் நான் தவறவிட்டவரைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே எட்டு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டுத் தெளிந்திருந்தார். காலையில் பேப்பர் படித்துவிட்டு என்னிடம் செய்தி சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை, இருந்த நாட்களே தண்டனை என்று நீதிமன்றம் சொல்லிவிட, மாலை ஏழு மணிக்கு விடுதலை. கையில் ஒரு பிளாஸ்டிக் பையும் பத்து நாள் மாத்திரையும்தான். லாட்ஜில் அட்டை கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ஆதார் எங்கே என்று ஒருவர் கேட்க, பயந்து திரும்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அடுத்த மாதம் புது வழக்கில் உள்ளே வந்தார். உண்மையில் ஓ.பி.யில் அட்டை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும், வறுமைக் கோட்டு அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் இடங்களில் இலவச சிகிச்சை உண்டு என்று 18-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதை கவுன்ட்டரில் நின்று வாதாடும் நிலையில் அவர் இல்லை. பக்கத்தில் நிற்க நானும் இல்லை.

உங்கள் தம்பி உள்ளே இருக்கும்வரை அவர், அவருடைய மருத்துவர், அவரைப் பற்றிய பதிவேடு, முத்திரை வைக்கும் அதிகாரி எல்லாம் ஒரே மதில் சுவருக்குள் இருக்கிறார்கள். கேட் திறந்த மறுநாள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இருக்கும். அதனால்தான் இப்போதே என்கிறேன்.

அப்புறம் வந்தவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், போர்டுக்காரர் என்றே சொல்கிறேன். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிற தொழில் செய்தவர். பஸ் கண்ணாடியை உடைத்த வழக்கு. காவல் நிலையத்தில் பெயர் கேட்டபோது ஒரு சாமி பெயரைச் சொல்லியிருக்கிறார், எஃப்.ஐ.ஆரில் அதுவே ஏறிவிட்டது. தகப்பனார் பெயர் தெரியவில்லை, முகவரி தெரியவில்லை. பதினோரு மாதத்தில் அவரை மனு போட்டுப் பார்க்க ஒருவர்கூட வரவில்லை. ஊர் எது என்று கேட்டால் ஒரு நாள் ஒன்று சொல்வார், மறுநாள் வேறொன்று சொல்வார். ஆனால் சில நாட்கள் தனக்குள்ளேயே "அறுநூத்து முப்பத்தாறு" என்று முணுமுணுப்பார். பிளாக் நம்பரோ, பழைய வழக்கு நம்பரோ என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடையாளச் சான்று இல்லாதவருக்கு ஆதார் எப்படி எடுப்பது? 2017-லிருந்தே சிறைகளில் ஆதார் முகாம் நடக்கிறது. ஆனால் ஆவணம் இல்லை என்றே பலர் விடுபட்டுப் போனார்கள். பின்னர் ஆதார் ஆணையம் ஒரு வழி விட்டது. இ-பிரிசன்ஸ் மென்பொருளில் கைதியை உள்ளே எடுக்கும்போது பதிவாகும் சேர்க்கை ஆவணத்தை, சிறை அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தால் சான்றாக ஏற்றுக்கொள்ளலாம் என்று. எனக்குத் தெரிந்து உள்ளே இருக்கும் பாதிப் பேருக்கு இது தெரியாது. சிறை நல அலுவலரிடம் நீங்களே இதைச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் முகாம் நாளில் போர்டுக்காரர் கருவிழி எடுக்கும் கருவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அது தன் மூளையில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவருடைய பயம். நான் அவசரப்பட்டேன். "ரெண்டே நிமிஷம், உட்காருங்க" என்று தோளைப் பிடித்து அழுத்தினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு முகாம் முடிந்துபோனது. நோயாளி சம்மதிக்காததைச் செய்யத் துணிந்தேன் என்று யாராவது இங்கே என்னைத் திட்டினால் அது நியாயம்தான். இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்த முகாமுக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே உள்ள மையத்துக்கு அழைத்துப் போகலாம் என்றால் ஆயுதப்படை எஸ்கார்ட் வேண்டும். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமே எஸ்கார்ட் போதாத இடத்தில் ஆதாருக்கு யார் தருவார்கள்? அந்த நான்கு மாதமும் ஒவ்வொரு வாரமும் அவரோடு உட்கார்ந்து பேசினேன். முகாம் அன்று அவருக்குப் பழக்கமான வார்டரை வரச் சொன்னோம். காலை மாத்திரைக்குப் பிறகு, கூட்டம் குறைந்ததும் கூப்பிட்டோம். முதலில் நான் அந்தக் கருவியில் என் கண்ணை வைத்துக் காட்டினேன். பிறகு வார்டர் வைத்தார். அதற்கப்புறம் அவராகவே வந்து உட்கார்ந்தார். தின்னரிலும் டர்பன்டைனிலும் ஊறித் தேய்ந்த விரல்கள், நான்கு விரல் ரேகை விழவே இல்லை. கண் நன்றாக விழுந்தது.

ஆறு வாரம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதிவு செய்த இளம்பெண்தான் புரிய வைத்தார். "சார், ரிஜெக்ட் ஆனது நல்லதுக்குத்தான். இவருக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கு. அதான் டூப்ளிகேட்னு காட்டுது."

அதாவது இவர் யாரோ ஒருவராக எங்கேயோ ஏற்கெனவே பதிவாகியிருக்கிறார். அந்தப் பதிவை எப்படி எட்டுவது? காவல்துறை கேட்டால் தர மாட்டார்கள். ஆதார் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நீதிபதி உத்தரவிட்டால்தான் அடையாள விவரம் கிடைக்கும், ரேகையும் கருவிழியும் அப்போதும் கிடைக்காது. அது சரியான பாதுகாப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உரியவரே தன் சம்மதத்தோடு மையத்தில் விரலையோ கண்ணையோ வைத்துத் தன் ஆதாரின் நகலை எடுக்க வழி உண்டு. அதற்குப் பெயர் பொருந்த வேண்டும், மாவட்டமோ பின்கோடோ பொருந்த வேண்டும்.

பின்கோடு என்று அந்தப் பெண் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. அறுநூற்று முப்பத்தாறு! சேலம், தருமபுரிப் பக்கத்துப் பின்கோடு ஆரம்பிக்கும் எண். முப்பத்திரண்டு வருடம் கடிதங்களைப் பிரித்த எனக்கு அது ஒரு முகவரியின் பாதி என்று பதினைந்து மாதமாகத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கடைப் பலகைகளின் அடியில் அவர் எழுதிய எண் அது. ஒரு தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, "உங்க ஊர்க் கடைக்கு ஒரு போர்டு எழுதுங்க" என்றேன். கடைப் பெயர், உரிமையாளர் பெயர், தெரு, ஊர், பின்கோடு ஆறு இலக்கம் என்று அளவு பிசகாமல் எழுதினார். மூலையில் சின்னதாக ஒரு கையெழுத்து இருந்தது. எஃப்.ஐ.ஆரில் இருந்த சாமி பெயர் இல்லை அது, அவருடைய சொந்தப் பெயர்.

மூன்றாவது முயற்சியில் நகல் வந்தது. அதில் அண்ணன் வீட்டு முகவரி இருந்தது.

இதைச் சொன்னால் உடனே அண்ணன் ஓடி வந்து கட்டிக்கொண்டார் என்று நினைப்பீர்கள். போனில் அவர் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டது, "இப்பவும் அடிப்பானா சார்?" அம்மா இறந்துவிட்டார் என்றும், ரேஷன் கார்டிலிருந்து தம்பி பெயரை எடுத்து ஆறு வருடம் ஆகிறது என்றும் சொன்னார். மூன்று வாரம் கழித்து வந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போக முடியாது, இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கச் சம்மதித்தார், மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொன்னார். இன்றுவரை வருகிறார்.

அதற்குள் இன்னொரு சிக்கல். உள்ளே எடுத்த மருத்துவச் சான்று எல்லாம் சாமி பெயரில், ஆதார் சொந்தப் பெயரில். வெளியே யாரும் இரண்டும் ஒரே ஆள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சட்ட உதவி வக்கீல் நீதிமன்றத்தில் மனு போட்டு, பதிவில் இரண்டு பெயரையும் நடுவில் "(எ)" போட்டு எழுத வைத்தார். அந்த ஒரு எழுத்துக்காக இரண்டு மாதம் அலைந்தோம். உங்கள் தம்பியின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் சிறைப் பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் அதைப் பாருங்கள். தப்பாக இருந்தால் இப்போதே வக்கீலிடம் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கும் மனநல பாதிப்புள்ளவருக்கும் 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இலவச சட்ட உதவி உண்டு, பணம் கொடுக்க வேண்டியதில்லை.

குற்றம் செய்தவனுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. விசாரணைக் கைதி இன்னும் குற்றவாளி அல்ல என்ற பதிலோடு நான் நிறுத்துவதில்லை. குற்றம் நிரூபணமாகித் தண்டனையை முடித்தவருக்கும் இதையேதான் செய்வேன். மாத்திரை நின்றால் யாருக்கு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அசாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951-இல் கைது செய்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் அவர் வெளியே வந்தது 2005-இல், ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில். 54 வருடம். விசாரணையே நடக்கவில்லை. ஒரு மனிதருக்காகக் கேட்க ஆள் இல்லை என்றால் அவர் ஒரு கோப்புக்குள் எவ்வளவு காலம் கிடக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் "கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்", தெற்கே என்றால் "ஏர்வாடிக்கு அனுப்பு" என்று சிரிக்கிறோம். என் சொந்தப் பேரன் வாயிலிருந்தே கேட்டேன். கீழ்ப்பாக்கம் 1794-இல் தொடங்கி இன்றுவரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிற அரசு மருத்துவமனை. ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் 28 பேர் சங்கிலியில் கட்டியபடியே தீயில் வெந்து இறந்தார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிக்க நமக்கு எப்படி வாய் வருகிறது? போர்டுக்காரரின் அண்ணன் ஊரில் யாரிடமும் தம்பியைப் பற்றிப் பேசாமல் இருந்ததற்கு இந்தச் சிரிப்பும் ஒரு காரணம். அவரே என்னிடம் சொன்னார்.

சரி, உங்கள் விஷயம். தம்பியிடம் முன்பே ஆதார் இருந்ததா என்று வீட்டில் நன்றாக விசாரியுங்கள். இருந்தால் புதிதாக விண்ணப்பிக்கவே வேண்டாம், நகல் எடுக்கும் வழிதான் குறுக்கு வழி. இல்லை என்றால், பதினெட்டு வயதைக் கடந்தவருக்குப் புது ஆதார் போடும்போது மாநில அரசின் சரிபார்ப்பும் இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் ஒரு மாதத்துக்குள் அட்டை கைக்கு வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பதிவுச் சீட்டு கையில் இருந்தாலே பாதி வழி வந்த மாதிரி. குடும்ப அட்டையில் தம்பி பெயர் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் உள்ளே இருக்கும்போதே கேளுங்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவர் மதிப்பிட்டால் தேசிய அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் அது அடிப்படை. இத்தனை மாதமாகத் தம்பியைப் பார்த்த மருத்துவர் எழுதுவதும், புதிதாக ஐந்து நிமிடம் பார்த்தவர் எழுதுவதும் ஒன்றல்ல. மருந்துப் பெயரும் அளவும் எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கட்டாயம் வாங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அதைக் காட்டினால் அதே மருந்தைத் தொடரலாம்.

எந்தச் சிறை, என்ன வழக்கு என்று இங்கே கருத்தில் எழுத வேண்டாம், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நல அலுவலரைப் பார்க்கப் போகும்போது குடும்ப அட்டையின் நகல்களைக் கொடுங்கள், அசலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விடுதலை நாளில் உத்தரவு வந்து சேர மாலையாகிவிடும், பரவாயில்லை, மதியமே போய் கேட் பக்கத்தில் நில்லுங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். அன்றைய இரவு மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள்.