‘நாயகன்’ பற்றிய பேச்சு கதைச்சுருக்கமாகவே வருது: பதில்

மும்பை மாட்டுங்கா நண்பர் கூட்டத்துல மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) பற்றி 10 நிமிஷம் பேசணும், எழுதினா வெறும் கதைச்சுருக்கமா வருதுன்னு கேட்டிருந்தீங்க. முழுப் படத்தையும் எடுத்ததுதான் கோளாறு. ரெண்டு காட்சி போதும்: போலீஸ் இன்ஸ்பெக்டர் கேல்கரைக் கொன்ன வேலு (கமல்ஹாசன்) அந்த கேல்கரோட மகனைப் பார்க்கும் இடம், வேலுவோட மகள் சாருமதி அப்பாவைக் கேள்வி கேட்கும் இடம்.

முதல் தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை வினாடி, கேமரா எந்த உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம்னு நோட்டுல குறிங்க. பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவுல வேலுவோட கண் எங்கே நிழலுக்குள்ள போகுது, எங்கே தெரியுதுன்னு கவனிச்சாலே பாதிப் பேச்சு கிடைச்சிடும். அடுத்த தடவை காதால மட்டும். இளையராஜா எங்கே இசையை நிறுத்துறார்னு பாருங்க.

‘நல்லவரா கெட்டவரா’ன்னு ஆரம்பிக்காதீங்க, சலிச்சுப்போன வாசல் அது. கேல்கர் குடும்பத்துக்கு வேலு செய்யற உதவி அந்தக் கொலையோட கடனைத் தீர்க்கலை. அந்த மகன் கையாலேயே வேலு சாகிறார். அங்கிருந்து தொடங்குங்க.

வேலு பாத்திரத்துக்குத் தூண்டுதலா இருந்த மும்பை நிழலுலகத் தலைவர் வரதராஜ முதலியார் பற்றின பேச்சு ஒரு வரிக்கு மேல வேண்டாம். மும்பையில அதைத் தொட்டா ஆளுக்கொரு தாராவிக் கதை சொல்லி உங்க நேரத்தைத் தின்னுடுவாங்க. படத்துலேர்ந்து கிளிப் போட்டுக் காட்டினா அதுவும் 90 வினாடிக்குள்ள முடியட்டும்.