பழைய பி.எஸ்.ஏ: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: என்னிடம் 1955 பி.எஸ்.ஏ பி31 மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இரவில் காலி வீதியில் லைட் போதவில்லை. 12 வோல்ட்டுக்கு மாற்றி, முன்னுக்கு டிஸ்க் பிரேக்கும் போடச் சொல்கிறார் கராஜ்காரர். செய்யலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: 12 வோல்ட் சரி, டிஸ்க் வேண்டாம். 36 வாட் பல்ப் 6 வோல்ட்டில் 6 அம்பியர் இழுக்கும், 12இல் 3தான். பழைய வயரில் வோல்ட் இழப்பும் குறையும். டைனமோவை மாற்றத் தேவையில்லை; எலக்ட்ரோனிக் ரெகுலேற்றர் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி), பற்றரி, பல்புகள், ஹோர்ன் மட்டும் போதும். ரெகுலேற்றரைப் பழைய லூக்காஸ் ரெகுலேற்றர் பெட்டிக்குள் மறைத்துவிடலாம். ஆனால் இன்ஜின் கூடுதலாகச் சுற்றினால்தான் சார்ஜ் ஏறும். நெரிசலில் பற்றரி இறங்கிவிடும் என்பதால் எல்.ஈ.டி பல்ப் நல்லது. வாங்குமுன் உங்கள் பைக் பொசிட்டிவ் எர்த்தா (பற்றரியின் பிளஸ் முனை சட்டத்தோடு இணைந்திருப்பது) என்று பார்த்து, அதற்குப் பொருந்துவதையே வாங்குங்கள். பற்றரி இல்லாமலே தீப்பொறி தரும் மெக்னீற்றோ இருப்பதால் பற்றரி செத்தாலும் இன்ஜின் ஓடும்.

டிஸ்க்குக்கு ஃபோர்க்கை வெட்டி ஒட்டவேண்டிவரும், அதைப் பழையபடி ஆக்கமுடியாது. இருக்கிற ட்ரம் பிரேக்கின் ஷூக்களில் புது லைனிங் ஒட்டி, ட்ரம்மின் வளைவுக்கு லேத்தில் கடைந்தாலே பிரேக் பிடிக்கும்.

இன்னொன்று: பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளின் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட்டை 5/16 அங்குல மரைத் துளையில் முறுக்க விடாதீர்கள். முதல் சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். கழற்றிய பழைய பாகங்களை எறியவும் வேண்டாம்.