மகள் வண்டல் ஆராய்ச்சியோடு வியன்னாவுக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. முனைவர் பட்டத்துக்காக மகள் கடலோரச் சேற்றைத் தோண்டி வண்டலை ஆராய்கிறாளே, அதனால் என்ன வேலை கிடைக்கும் என்பது ஒன்று. கருத்தரங்குக்கு வியன்னா போக இரண்டு லட்சம் ஆகும் என்கிறாள், கடன் வாங்கிக் கொடுக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் போகட்டும். கடன் மட்டும் வேண்டாம்.

அவள் போக நினைப்பது ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம். ஏப்ரல், மே வாக்கில் பல்லாயிரம் ஆய்வாளர்கள் கூடும் இடம், துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இதைச் சொல்லக் காரணம் உண்டு. "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று மாணவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி, பத்துத் துறைகளை ஒரே ஓட்டல் அறையில் சேர்த்து, கட்டணம் கட்டிய மறுநாளே ஏற்புக் கடிதம் தரும் கருத்தரங்குகள் நிறைய நடக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். பின்னால் நிற்பது ஒரு அறிவியல் சங்கமா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சரி, பணம். மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் இரண்டிலும் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் பயண உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். வியன்னா கூட்டத்தை நடத்துபவர்களும் இளம் ஆய்வாளர்களுக்கு உதவி தருகிறார்கள். வண்டல், படிவுகளை ஆராய்பவர்களின் அமைப்பான சர்வதேசப் படிவியலாளர் சங்கத்தில் மாணவர் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் கேட்கலாம். ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின் (கைடின்) திட்ட நிதியில் பயணத் தொகை இருக்கிறதா என்றும் மகள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அரசு உதவி பெரும்பாலும் போய் வந்தபிறகு ரசீது காட்டித்தான் கைக்கு வரும். விமானத்தில் ஏறும்போது தரும் போர்டிங் பாஸைத் தொலைத்தால் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். எந்த ஏஜென்சியில் டிக்கெட் எடுக்கலாம் என்பதற்குக்கூட விதி உண்டு, முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். நடுவில் சில மாதங்களுக்குக் கைமாற்றாக நீங்கள் உதவினால் போதும். உதவி எதுவுமே வராவிட்டால் இந்த ஆண்டு விட்டுவிடலாம், அதனால் முனைவர் பட்டம் நின்றுவிடாது.

இனி மகளுக்கு. உன் ஆய்வைப் படங்களோடு அச்சடித்து மாட்டும் போஸ்டர் முன்னால் நிற்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காகத்தான் இத்தனை செலவும். முத்துப்பேட்டை அலையாத்திச் சேற்றில் குழாய் இறக்கி, அடுக்கு குலையாமல் எடுத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி, அதிலுள்ள கதிரியக்க ஈயம்-210ஐ அளந்து அடுக்குகளின் வயதைக் கணித்திருக்கிறாய். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டு, ஆகவே நூறு, நூற்றைம்பது ஆண்டு பின்னால் போகலாம். காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை முடிந்தது 1934இல். அணைக்கு முன்னும் பின்னும் கடலோரத்துக்கு வந்த வண்டல் எப்படி மாறியது என்ற உன் கேள்விக்கு இந்தக் கால அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை இரண்டே நிமிடத்தில், படத்தைக் காட்டிச் சொல்லப் பழகு. நின்று கேட்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான். நண்டு வளைகள் அடுக்கைக் கலைத்திருக்காதா? அணு ஆயுதச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சம் தொட்ட இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137ஐ வைத்துச் சரிபார்த்தாயா? நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்தப் படிவு குறைவு என்பதால் உச்சம் மங்கலாகத் தெரியலாம். அப்படியென்றால் அதையே சொல், மழுப்பாதே. கேட்பவர் நாளை உன்னைப் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்கு எடுக்கக்கூடியவர். தன் தரவின் குறை தெரிந்த மாணவியை அவர் மறக்கமாட்டார்.

போகும் முன், சந்திக்க விரும்பும் நாலைந்து பேருக்கு, உன் போஸ்டர் எந்த நாள், எந்த நேரம் என்று சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்பு. பலரும் இதைச் செய்வதில்லை, அப்புறம் அங்கே கூட்டத்தில் அவர்களைத் தேடி அலைகிறார்கள். போஸ்டரைத் துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம்.

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். துறைமுகம் தூர்வார, கடற்கரை அரிப்பைக் கணிக்க, எண்ணெய் தேட, எல்லாவற்றுக்கும் வண்டல் தெரிந்தவர் தேவை. சென்னையிலேயே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. கோவாவில் துருவ ஆய்வு மையம் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு யூபிஎஸ்சி தனித் தேர்வு நடத்துகிறது. நிலவியலில் (ஜியாலஜி) முதுகலை போதும், ஆனால் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32. ஆய்வு முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடுபவர்கள் உண்டு. மகள் இப்போதே எழுதலாம்.

இந்த வாரம் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை விட்டால் விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைப்பதே கஷ்டம்.