ஆட்டுக்கல்லை ஏற்றுங்கள், அலுமாரியை விடுங்கள்

கேள்வி: பதினாறு வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறோம். கணவருக்கு எட்மன்ரனில் வேலை கிடைத்திருக்கிறது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்க வேண்டும். இங்குள்ள வீட்டை விற்றுவிட்டோம், ஜூலை 31 சாவி கொடுக்கிறோம். அங்கே வாடகை வீட்டின் சாவி ஓகஸ்ட் 5 கையில் கிடைக்கும். காரில் போகலாம் என்று நினைக்கிறோம். மூன்று படுக்கையறை, பேஸ்மென்ற் முழுக்கச் சாமான், இரண்டு பிள்ளைகள், மாமி. மூன்று மூவிங் கம்பனிகளிடம் விலை கேட்டோம். ஒருவர் போனிலேயே 2,900 டொலர் என்றார்; 900 டொலர் முற்பணத்தை இன்றே அனுப்பினால்தான் அந்த விலை என்கிறார். இன்னொருவர் வீடியோவில் வீட்டைப் பார்த்து 6,000 இறாத்தல், 6,500 டொலர் என்றார். மூன்றாமவர் நேரில் வந்து 7,000 இறாத்தல், 7,400 டொலர் என்று எழுதித் தந்தார். கணவர் முதலாவது ஆளையே பிடிப்போம் என்கிறார். மாமியோ தன் ஆட்டுக்கல்லும் கறிவேப்பிலை மரமும் இல்லாமல் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 900 டொலரை அனுப்பாதீர்கள். கணவர் கோபித்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு அனுப்பாதீர்கள்.

ரொறன்ரோவிலிருந்து எட்மன்ரனுக்குத் தரைவழியாக 3,400 கிலோமீற்றருக்கு மேல். அதில் பாதிக்கும் கூடுதலான தூரம் ஒன்ராறியோவுக்குள்ளேயே முடிந்துவிடும்; சட்பரி, சூ செயின்ற் மேரி, தண்டர் பே, கெனோரா தாண்டித்தான் மனிரோபாவே வரும். இவ்வளவு தூரம் ஓடும் லொறிக்கு டீசல், ஓட்டுநருக்குச் சம்பளம், இரண்டு முனையிலும் ஏற்றி இறக்க ஆட்கள் என்று கூட்டிப் பாருங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காத ஒருவர் 2,900 டொலருக்கு இதைச் செய்து தருகிறேன் என்றால், அவர் மிச்சப் பணத்தை வேறு இடத்தில் வாங்கப் போகிறார் என்றுதான் அர்த்தம். அது எங்கே என்றும் சொல்கிறேன். சாமான் முழுவதும் லொறியில் ஏறிய பிறகு, எட்மன்ரன் வீட்டு வாசலில். "எடை கூடிவிட்டது, இன்னும் 5,000 டொலர் தந்தால்தான் கதவைத் திறப்போம்" என்பார்கள். பிள்ளைகளின் கட்டிலும் சட்டி பானையும் உள்ளே இருக்கும்போது உங்களால் வாதாட முடியாது. கனடாவில் மூவிங் கம்பனி நடத்தத் தனியான உரிமம் ஒன்றும் தேவையில்லை. லொறி ஒன்றும் தொலைபேசி ஒன்றும் இருந்தால் யாரும் தொடங்கலாம். அதனால் விசாரிக்கிற வேலை முழுக்க நம் தலையில்தான். கனேடியன் அசோசியேஷன் ஒஃப் மூவர்ஸ் என்ற சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அந்தக் கம்பனி இருக்கிறதா என்று பாருங்கள். நேரே போய்ப் பார்க்கக்கூடிய விலாசம் இருக்கிறதா, லொறி அவர்களுடையதா அல்லது வேலையை வேறு ஒருவருக்குக் கைமாற்றுகிற தரகரா என்றும் கேளுங்கள்.

சரி, மற்ற இரண்டுக்கும் வருவோம். 6,500 மலிவு, 7,400 கூட என்றுதான் தோன்றும். மாகாணம் தாண்டிப் போகிற சாமானுக்குப் பெரும்பாலும் எடைக்கும் தூரத்துக்கும்தான் காசு. ஆகவே மொத்த விலையை விடுங்கள், இறாத்தலுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வீடியோக்காரர் இறாத்தலுக்கு ஏறக்குறைய 1.08 டொலர் கேட்கிறார். நேரில் வந்தவர் 1.06. மலிவாகத் தெரிகிறவர்தான் உண்மையில் கொஞ்சம் விலை கூடியவர். அவருடைய தொகை குறைவாக இருப்பதற்கு ஒரே காரணம் 1,000 இறாத்தலை அவர் எண்ணவில்லை. உங்கள் பேஸ்மென்ற்றை வீடியோவில் சரியாகக் காட்டினீர்களா? அவரைத் திரும்ப அழைத்து, படிக்குக் கீழே கிடக்கிற பெட்டிகள், ஃபிரீசர், பிள்ளைகளின் சைக்கிள், கராஜ் எல்லாவற்றையும் காட்டி, புதிய மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதப்பட்டிருந்தால் அதற்குமேல் 10 சதவீதத்தைத் தாண்டி உங்களிடம் வாங்க முடியாது. ஆனால் மதிப்பீட்டில் இல்லாத சாமானைப் பிறகு சேர்த்து, அந்த மாற்றத்துக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டால் கணக்கு வேறு. அதனால்தான் இப்போதே எல்லாவற்றையும் காட்டுங்கள் என்கிறேன்.

எடை போடுகிற முறையையும் தெரிந்துவைத்திருங்கள். உங்கள் வீட்டுக்கு வருமுன் லொறியைத் தராசில் ஏற்றி நிறுப்பார்கள், சாமான் ஏற்றியபின் மறுபடியும் நிறுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எடை. அந்த இரண்டு தராசுச் சீட்டுகளின் பிரதியும் வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம், நல்ல கம்பனிக்காரர் தாமாகவே தருவார்.

இனி மாமியின் ஆட்டுக்கல். இதைத்தான் நீங்கள் பெரிய சிக்கலாக நினைக்கிறீர்கள், எனக்கு இது இந்தக் கடிதத்திலேயே சுலபமான கேள்வி. கல்லும் குழவியும் சேர்ந்து 80 இறாத்தல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறாத்தலுக்கு 1.06 டொலர் என்றால் 85 டொலர். அந்தக் கல் உடையாது, நசுங்காது, எட்மன்ரனில் அதே மாதிரி ஒன்றை வாங்குவதும் சுலபமில்லை. கொண்டு போங்கள். அதேநேரம் உங்கள் படுக்கையறையில் மரத்தூளை அழுத்திச் செய்த அலுமாரி ஒன்று நிச்சயம் இருக்கும், ஸ்காபரோவில் அது இல்லாத வீடு குறைவு. அது 120 இறாத்தல் என்றால் ஏற்றக் கூலி 127 டொலர். ஒருமுறை பூட்டிய அந்தப் பலகைகளைக் கழற்றி மறுபடி பூட்டினால் திருகாணி பிடிக்காது. கழற்றாமல் ஏற்றினால் வழியில் மூலை பிளக்கும். கடையில் அதன் விலை எவ்வளவு என்று பாருங்கள். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் அதன் எடையை 1.06ஆல் பெருக்கி, அங்கே புதிதாக வாங்கினால் என்ன விலை என்பதோடு ஒப்பிடுங்கள். பழைய செற்றி, புத்தகத் தட்டுகள், பேஸ்மென்ற்றில் கிடக்கும் இரண்டாவது ஃபிரிட்ஜ் எல்லாம் இந்தக் கணக்கில் விழுந்துவிடும். என் அனுபவத்தில் ஒரு குடும்பம் மனம் வைத்தால் ஆயிரம் இறாத்தலைத் தாராளமாகக் குறைக்கலாம், ஆயிரம் டொலருக்கு மேல் மிச்சம். மாமியின் கல்லில் கை வைத்து 85 டொலர் மிச்சம் பிடிக்க வேண்டாம். பதினாறு வருட வீட்டை விட்டு வருகிற ஒரு முதிய மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபிரீசரில் இருக்கிற மீனையும் இறைச்சியையும் இன்றிலிருந்தே சமைத்து முடியுங்கள். ஏற்றுவதற்கு முதல் நாளே அதை நிறுத்திக் காயவைக்க வேண்டும். பெயின்ற், கிருமிநாசினி, நகப்பூச்சு கழுவி, பார்பிகியூ காஸ் சிலிண்டர் எதையும் ஏற்றமாட்டார்கள். குத்துவிளக்கை எண்ணெய் போகக் கழுவித் துடைத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டிச் சேலைகளில் கறை பிடிக்கும். நகை, பாஸ்போர்ட், குடியுரிமைப் பத்திரங்கள், பிள்ளைகளின் தடுப்பூசிச் சீட்டு, மாமியின் மருந்துகள் எல்லாம் உங்கள் கைப்பையில் உங்களோடு வரட்டும்.

உடைந்தால் யார் பொறுப்பு என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தில் சாதாரணமாக இருக்கிற பொறுப்பு ஒரு பொருளுக்கு இறாத்தலுக்கு 60 சதம் மட்டும். உங்கள் வரவேற்பறை ரீவி 40 இறாத்தல் என்றால், அது நொறுங்கிப் போனாலும் 24 டொலர்தான் கிடைக்கும். உடைந்ததற்குப் பதில் புதிது வாங்குகிற விலையைத் தரும் மாற்று விலைப் பாதுகாப்பு என்று ஒன்றைத் தனிக் கட்டணத்துக்குத் தருவார்கள். இவ்வளவு நீண்ட பயணத்துக்கு அதை எடுங்கள் என்பதே என் கருத்து. கழிவுத்தொகை, அதாவது நட்டத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, எவ்வளவு என்று கேட்டு எடுங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பேற்கமாட்டார்கள். ஆகவே துணி, புத்தகம், பாத்திரங்களை நீங்கள் கட்டுங்கள். கண்ணாடி, பீங்கான், சாமிப் படங்களை மட்டும் அவர்களைக் கட்டச் சொல்லுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து வினிபெக்குக்கு நான் மாறியபோது பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டும். சாமான் ஏற்றும்போது ஓட்டுநர் ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டிக்கொண்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். பக்கத்தில் சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகள். கடைசியில் ஆறு தாள்களை நீட்டினார். வீடு வெறுமையாகக் கிடந்தது, மகள் அழுதுகொண்டிருந்தாள், நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வினிபெக்கில் இறக்கியபோது அம்மா தந்த சாப்பாட்டு மேசையின் கால் ஒன்று பிளந்திருந்தது. நட்டஈடு கேட்டபோது தாளை எடுத்துக் காட்டினார்கள். மேசைக்கு நேரே 'எஸ்.சி.', 'சி.எச்.', 'கால்' என்று இருந்தது. 'எஸ்.சி.' கீறல், 'சி.எச்.' விளிம்பு உடைவு. ஏற்றுமுன்னரே கால் பழுது என்று எழுதியிருக்கிறார்கள், நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்! ஆகவே அன்று காலை கணவரோ நீங்களோ ஒருவர் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். 'பி.பி.ஓ.' என்றால் நீங்களே கட்டிய பெட்டி. தவறாக எழுதியிருந்தால் அதே தாளில் திருத்தி எழுதச் சொல்லுங்கள். முதல் நாளே எல்லாத் தளபாடங்களையும் நாலு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். எட்மன்ரனில் இறக்கும்போது மாமியைக் கதவடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இலக்கம் இலக்கமாகக் கோடு போடச் சொல்லுங்கள். உடைவு, குறைவு எதுவானாலும் கையெழுத்துக்கு முன் தாளில் எழுத வேண்டும்.

நாள் பற்றி. கோடையும் மாத முடிவும் மூவர்ஸுக்கு நெரிசலான காலம், ஜூலை 31 இரண்டும் சேர்ந்த நாள். ஜூலை 22, 23 போல் வார நடுவில் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். இவ்வளவு தூரத்துக்கு உங்கள் சாமான் தனியாகப் போகாது, இரண்டு மூன்று குடும்பங்களின் சாமானோடு ஒரே லொறியில் போகும். அதனால் சாமான் வந்து சேர ஒரே திகதியைச் சொல்லமாட்டார்கள். முந்தியது எந்த நாள், பிந்தியது எந்த நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். முந்தியது ஓகஸ்ட் 5க்கு முன் விழக்கூடாது, விழுந்தால் கிடங்கு வாடகை உங்கள் தலையில். மிச்ச நாட்களில் வெறும் வீட்டில் பாய் விரித்துப் படுங்கள், பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருக்கும். காருக்குள் ஒரு பிரெஷர் குக்கர், நாலு தட்டு, போர்வைகள், காற்றடிக்கிற மெத்தை போட்டுக்கொண்டால் சாமான் பிந்தினாலும் சமாளிக்கலாம். 53 அடி லொறி புதிய வீட்டுத் தெருவுக்குள் திரும்புமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவையுங்கள். திரும்பாவிட்டால் சின்ன லொறியில் மாற்றி ஏற்றுவதற்குத் தனிக் காசு.

எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் ஓர் உறையில் போடுங்கள். வேலைக்காக இடம் மாறி, பழைய வீட்டைவிடப் புதிய வீடு புது வேலையிடத்துக்கு 40 கிலோமீற்றராவது கிட்ட இருந்தால், வரி ஆவணத்தில் ரி1-எம் படிவம் நிரப்பி அந்தச் செலவைக் கழிக்கலாம். மூவர்ஸ் கூலி மட்டுமல்ல, ஸ்காபரோ வீட்டை விற்றதற்கு முகவருக்குக் கொடுத்த தரகும் வழக்கறிஞர் கட்டணமும் அதில் சேரும். இது பெரிய தொகை, பலர் கோட்டைவிடுகிறார்கள். வழிச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு வேளை 23 டொலர், நாளுக்கு 69 டொலர் வரை பற்றுச்சீட்டு இல்லாமலே போடலாம். புதிய இடத்தில் உழைக்கிற வருமானத்திலிருந்துதான் கழிக்க முடியும். மிஞ்சினால் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். கணவரின் புதிய கம்பனி திருப்பித் தருகிற செலவை மட்டும் சேர்க்க வேண்டாம்.

அல்பேர்ட்டா மருத்துவ அட்டைக்குப் போனதும் விண்ணப்பியுங்கள். ஓகஸ்ட்டில் குடியேறினால் அது நவம்பர் 1இலிருந்து செல்லும், அதுவரை உங்கள் ஒன்ராறியோ அட்டைதான். சாரதி அனுமதிப்பத்திரத்தை 90 நாளுக்குள் மாற்றுங்கள். காரை அங்கே பதிய, வெளிமாகாண வாகனப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

கறிவேப்பிலை மரத்தை மூவர்ஸ் ஏற்றமாட்டார்கள், உயிருள்ள செடி எதையும் ஏற்றமாட்டார்கள். அது காரில்தான் வர வேண்டும். புறப்பட ஒரு கிழமைக்கு முன் உயரத்தைப் பாதியாக வெட்டுங்கள். வெட்டிய இலைகளை மாமி அயலாருக்குக் கொடுக்கட்டும். பூச்சட்டியைப் பின் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் தரையில் வைத்து, மண்ணை ஈரத் துணியால் மூடிக் கட்டுங்கள். இரவில் தங்கும் விடுதிக்குள் கட்டாயம் தூக்கிக்கொண்டு போங்கள், பகலில் சாப்பிட இறங்கும்போது பூட்டிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள். அதோடு மரத்தடியில் முளைத்திருக்கிற குட்டிக் கன்று ஒன்றைக் கிளப்பி ஸ்காபரோவிலேயே ஒரு சிநேகிதியிடம் கொடுத்துவையுங்கள். பெரிய மரத்துக்கு வழியில் ஏதும் ஆனாலும், யாராவது எட்மன்ரனுக்கு வரும்போது மாமிக்கு அதிலிருந்து ஒன்று கொண்டு வந்து தரலாம்.