தளபதியும் சிப்பாயின் சோறும்

கேள்வி: உலகின் தலைசிறந்த தளபதி நெப்போலியன்தானே? அவர் தோற்றதுகூட ரஷ்யப் பனியிடம்தான், மனிதர்களிடம் இல்லை என்கிறார்களே?

பதில்: பனியின் மேல் பழியைப் போட்டு அவரைத் தப்பிக்க விடாதீர்கள். 1812 ஜூனில் ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைத் தாண்டியபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவருடன் போனார்கள். செப்டம்பர் 7 அன்று மாஸ்கோவுக்கு மேற்கே பொரோடினோவில் போருக்கு நின்றவர்கள் ஏறக்குறைய 1,30,000 பேர். வழியில் காவலுக்கு விட்டுவந்த படைகளைக் கழித்துப் பார்த்தாலும், கோடை வெயிலும் பட்டினியும் டைபஸ் காய்ச்சலும் கொண்டுபோனவர்கள் ஏராளம். அப்போது பனி விழத் தொடங்கவே இல்லை. அப்புறம் பிடித்த மாஸ்கோவில், ரஷ்யப் பேரரசர் ஜார் சமாதானத்துக்கு இறங்கி வருவார் என்று ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தது யார் குற்றம்? 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் ஜெயித்துக் காட்டிய மேதைமையைச் சொல்லி இதை மூட முடியாது.

தளபதியை முதலில் அவருடைய உணவு வண்டிகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி, இம்பாலைப் பிடிக்க மூன்று டிவிஷன்களை (ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட பெரும் படைப்பிரிவுகள்) பர்மாவின் சிந்த்வின் ஆற்றைத் தாண்டி அனுப்பினார். கையில் சுமார் மூன்று வார உணவு. தீர்ந்தால் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம்! இறைச்சிக்காக ஓட்டிப்போன மாடுகளில் பல ஆற்றோடும் மலையோடும் போயின. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரும் அந்தப் படையெடுப்பில் போய்ப் பட்டினி கிடந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம், முற்றுகையில் சிக்கிய இம்பாலுக்கு விமானத்திலேயே உணவும் தளவாடமும் இறக்கினார். ஜப்பானியர் தரப்பில் இறந்தவர்கள் 30,000 அளவில். பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்.

இம்பாலுக்கு வடக்கே கோஹிமாவில், அந்த மூன்றில் ஒன்றான 31ஆவது டிவிஷனை நடத்தியவர் சாட்டோ. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. நடுவே பறந்தது பந்தல்ல, கையெறி குண்டு. உணவும் தோட்டாவும் கேட்டு மேலிடத்துக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பினார் சாட்டோ. இடத்தை விட்டு நகராதே என்றுதான் உத்தரவு வந்தது. அதை மீறி, மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு பின்வாங்கினார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி செய்யத் துணியாத காரியம் அது. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், பேசுகிறேன் என்று காத்திருந்தவரை, மனநிலை சரியில்லை என்று சொல்லி வாயை அடைத்தார்கள்.

கோஹிமாவைச் சுற்றிக்கொண்டு பிரிட்டிஷ் கிடங்குகள் இருந்த திமாப்பூர் ரயில் நிலையத்துக்குப் பாயாமல் விட்டார் என்று ஸ்லிமே சாட்டோவைக் குறை சொன்னார். போர்த் தந்திரத்தில் அது சரியான குறைதான். சிறந்த தளபதி என்று கேட்டால் நானும் ஸ்லிமைத்தான் சொல்வேன். நெப்போலியனுக்கும் சாட்டோவுக்கும் நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சாட்டோ.