நேரலை நின்று நின்று ஓடுகிறதா? புதிய பெட்டி வாங்காதீர்கள்

கேள்வி: ஞாயிறு பிரசங்கத்தை 1080பி-யில் நேரலை செய்கிறோம். அடிக்கடி நின்றுவிடுகிறது. 45 நிமிட வீடியோ 6 ஜிபி வருவதால் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப முடியவில்லை. புதிய என்கோடர் பெட்டி (வீடியோவைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்பும் சாதனம்) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் சாதனம் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். இணைய நிறுவனங்கள் கொட்டை எழுத்தில் போடுவது டவுன்லோட் வேகத்தை. நேரலைக்கு வேண்டிய அப்லோட் வேகத்தை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வருடமாகியும் இது மாறவில்லை என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலி ஆலயத்தில் அளந்து ஏமாந்துவிடாதீர்கள். ஆராதனை நடக்கும்போது, சபையார் போன்களெல்லாம் அதே வைஃபையில் இருக்கும் நேரத்தில் அளவெடுங்கள். வரும் எண்ணில் பாதிக்கு மேல் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) வைக்காதீர்கள். 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்) வந்தால் 3 வையுங்கள். 720பி, நொடிக்கு 30 ஃப்ரேம், எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), சிபிஆர் (ஏறி இறங்காத பிட்ரேட்), கீஃப்ரேம் (முழுப் படமாகப் போகும் ஃப்ரேம்) 2 நொடிக்கு ஒன்று. ஒருவர் நின்று பேசுவதற்கு இது தாராளம். கணினிக்கு வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளில், திரையின் அடியில் விடுபட்ட ஃப்ரேம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. எந்தப் பெட்டியும் அதைத் தீர்க்காது.

அடுத்து, வாட்ஸ்அப். 6 ஜிபி என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 18 மெகாபிட். பிரசங்கத்துக்கு அவ்வளவு எதற்கு? வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 720பி, வீடியோ 800 கேபிபிஎஸ், ஒலி மோனோ 64 என்று வைத்தால் 290 எம்பி அளவில் முடிந்துவிடும். அதை டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை மறுபடியும் நசுக்கிவிடும். கேட்டால் போதும் என்பவர்களுக்கு ஒலி மட்டும் தனியாகக் கொடுங்கள், 22 எம்பிக்குள் அடங்கும்.

ஒரே ஒரு இடத்தில் 800 போதாது: வசனத்தைத் திரை முழுக்கக் காட்டும்போது. எழுத்தின் கூர்மையான ஓரங்கள் பிட்ரேட்டை நிறையத் தின்னும். குறைந்தால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘ன்’ என்பது ‘ன’ ஆகிவிடும். சின்னத் திரையில் பார்க்கும் முதியவர் வசனத்தையே தப்பாக வாசிப்பார். அதனால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஒரு ஸ்லைடில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம், ஸ்லைடு மாறும்போது மங்கி மறையும் எஃபெக்டும் வேண்டாம். அப்புறமும் மங்கினால் மட்டும் 1500-க்கு ஏற்றுங்கள். கோப்பு 530 எம்பி ஆகும், பரவாயில்லை.

பெட்டி விற்பவரைவிட நான் பயப்படுவது, ‘நேரலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லித் தங்கள் இமெயிலில் சேனல் திறப்பவர்களைத்தான். ஒப்பந்தம் முறிந்த அன்று, பல வருடப் பிரசங்கங்களைச் சேனலோடு இழந்து நின்ற ஒரு சபையை எனக்குத் தெரியும். சேனல் சபையின் கணக்கில் இருக்கட்டும். ஸ்ட்ரீம் கீ-யை (சேனலுக்கு நேரலை அனுப்பத் தேவையான ரகசியக் குறியீடு) வெளியாள் யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றைக்கே ரீசெட் செய்துவிடுங்கள்.