ஃபீட்பேக் படிவம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

முப்பது ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியிருக்கிறேன். பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்து ஆசிரியர்களின் ஃபீட்பேக் எண்களைப் பார்த்திருக்கிறேன். பருவ முடிவில் மாணவர்கள் நிரப்பும் அந்தப் படிவத்தைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

எனக்கு 5க்கு 3.8 வந்திருக்கிறது. துறைச் சராசரி 4.1. நான் மோசமாகப் பாடம் நடத்துகிறேனா மேடம்? (விரிவுரையாளர்)

இந்த எண்ணை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. வகுப்பில் எத்தனை பேர், படிவம் நிரப்பியது எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். 40 பேர் வகுப்பில் 8 பேர் நிரப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் 5 போட்டு ஒருவர் 1 போட்டால் சராசரி 4.5. நாலு பேர்தான் நிரப்பினார்கள், அதில் ஒருவர் 1 போட்டார் என்றால் 4.0. கோபத்தில் இருந்தவர் அதே ஒருவர்தான். நிரப்பாமல் போன மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. ஐந்து பேர் 5, ஐந்து பேர் 1 போட்டாலும் 3. முதல் வகுப்பு சுமாராகப் போயிருக்கிறது. இரண்டாவதில் பாதிப் பேருக்குப் பாடம் பிடித்திருக்கிறது, மீதிப் பாதி தொலைந்து போயிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் சராசரியைத் தனியாகப் பார்க்காதீர்கள், யார் யார் எத்தனை போட்டார்கள் என்ற பரவலைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல எண் வாங்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்களா இல்லையா? நேராகச் சொல்லுங்கள். (துறைத்தலைவர்)

அப்படி நம்ப ஆதாரம் இல்லை, சார். 1981இல் பீட்டர் கோஹன் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, படிவ எண்ணுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் 0.43 அளவு தொடர்பு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) இருப்பதாகச் சொன்னார். பல ஆண்டுகள் எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டினோம், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2017இல் பாப் உட்லும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கை மறுபடி போட்டார்கள். பெரிய தொடர்பைக் காட்டியவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். அதைச் சரிக்கட்டியதும் தொடர்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

என்னை மாற்றியது இதைவிட அமெரிக்க விமானப்படை அகாடமி ஆய்வுதான். அங்கே மாணவர் தனக்குப் பிடித்த ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் போலப் பிரித்துவிடுவார்கள். கேள்வித்தாளும் எல்லாருக்கும் ஒன்று. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது கஷ்டம். ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் 2010இல் வெளியிட்ட முடிவு: கால்குலஸ் முதல் தாளில் மாணவருக்கு நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்களுக்குப் படிவத்திலும் நல்ல எண். ஆனால் அதே மாணவர்கள் அடுத்த கணிதத் தாள்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். அடித்தளம் போட்ட ஆசிரியர்களுக்கு அந்தப் பருவத்தில் கிடைத்தது குறைந்த எண்.

ஏன் இப்படி? 2019இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் ஒரு சோதனை நடந்தது. ஒரே பாடத்தை ஒரு குழுவுக்கு அழகான விரிவுரையாகச் சொன்னார்கள், இன்னொரு குழுவைத் தாங்களே கணக்குப் போட்டுத் திணற விட்டார்கள். நிறையக் கற்றதாக உணர்ந்தது விரிவுரை கேட்ட குழு. தேர்வில் அதிகம் எடுத்தது திணறிய குழு. திணறும்போது நமக்குப் புரியவில்லை என்றுதான் தோன்றும். படிவம் அந்த நேரத்தில் கைக்கு வருகிறது.

எனக்கு 4.0, துறைக்கு 4.2. கவலைப்பட வேண்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பெண் ஆசிரியர்களுக்குக் குறைத்துப் போடுகிறார்கள் என்பது உண்மையா, இல்லை நாங்களே கற்பனை செய்கிறோமா? (உதவிப் பேராசிரியை)

கற்பனை இல்லை அம்மா. 2015இல் வந்த ஆய்வு: இணையவழி வகுப்பில் இரண்டு உதவி ஆசிரியர்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஆளுக்கு இரண்டு குழு. ஒன்றில் சொந்த அடையாளம், மற்றதில் மற்றவருடைய அடையாளம். மாணவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. விடைத்தாள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. ஆனாலும் ‘உரிய நேரத்தில் தந்தாரா’ என்ற கேள்விக்கு, ஆண் என்று நினைத்தவருக்கு 4.35, பெண் என்று நினைத்தவருக்கு 3.55. கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டிய பதிலே இப்படி.

அது 43 மாணவர்கள் மட்டுமே உள்ள சின்ன ஆய்வு. சின்ன ஆய்வை நம்பாதே என்று மேலே சொன்னவள் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 20,000 படிவங்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதே திசைதான். பெண்களுக்குக் குறைந்த எண், மாணவர் வாங்கிய மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. அதிகம் அடிபட்டவர்கள் பணியில் இளையவர்களான பெண்கள்.

நான் மாணவி. எல்லாரும் எங்களைக் குற்றவாளி மாதிரிப் பேசுகிறீர்கள். தினமும் அந்த வகுப்பில் உட்காருவது நாங்கள். எங்களுக்குத் தெரியாதது குழுவில் உட்காரும் உங்களுக்குத் தெரியுமா?

நியாயமான கோபம். உனக்கு மட்டுமே தெரிந்தவை இருக்கின்றன: ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, கேள்வி கேட்டால் எரிந்து விழுந்தாரா, குரல் பின்வரிசைக்குக் கேட்டதா. அதில் நீ சொல்வதுதான் கடைசி வார்த்தை. ‘ஆசிரியருக்குப் பாடத்தில் ஆழ்ந்த அறிவு இருக்கிறதா’ என்றும் அதே படிவம் உன்னிடம் கேட்கிறதே, அதுதான் தப்பு. தப்பு கேட்டவர்கள் மேல், உன் மேல் இல்லை.

அதே மாணவி: அப்படியானால் எண்ணை எடுத்துவிட்டால், சரியாக வகுப்புக்கே வராத ஆசிரியரை யார் கேட்பது? எங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

இடையில் ஒரு விரிவுரையாளர்: மேடம், கஷ்டமான தாள் வைத்தவனை 1 போட்டுப் பழிவாங்கும் ஆயுதம்தான் அது. முழுசாக எடுத்துவிட வேண்டும்.

தம்பி, நான் உங்கள் பக்கம் இல்லை. பழிவாங்குகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அதற்காக வகுப்பு முழுவதன் வாயையும் கட்டக்கூடாது.

ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன் என் படிவம் ஒன்றில் பென்சிலில் ஒரு வரி: “நீங்கள் பலகையின் இடது ஓரத்தில் தொடங்கி, எழுதிய இடத்திலேயே நின்று பேசுகிறீர்கள். சன்னல் பக்கக் கடைசி வரிசைக்கு முதல் வரியே தெரிவதில்லை.” மறுநாள் யாரும் வருமுன் போய்ச் சூத்திரம் ஒன்றை எழுதிவிட்டு, அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். சன்னல் வெளிச்சம் விழுந்து பலகையில் கால்வாசி வெறும் வெள்ளையாக இருந்தது. அதில் என் முதுகும் சேர்ந்தால் என்ன தெரியும்? அந்தப் பருவம் எனக்குக் கிடைத்த சராசரி எனக்கு நினைவில்லை. அந்தப் பென்சில் வரி நினைவிருக்கிறது.

மகளே, உன் கேள்விக்கு: வகுப்புக்கு வராத ஆசிரியரை 2.9 என்ற எண் பிடிக்காது. ‘இந்தப் பருவத்தில் எத்தனை வகுப்பு நடக்கவில்லை’ என்ற கேள்வி பிடிக்கும். படிவத்தில் அதைக் கேட்கச் சொல்லிப் போராடு, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதே மாணவி: சரி. இதை ஏற்றுக்கொள்கிறேன்.

எனக்கு 4.3 வந்திருக்கிறது, போன பருவம் 4.5...

இதே கேள்வி ஆறாவது முறை. பரவலை வாங்குங்கள். நிரப்பியவர் எண்ணிக்கையை வாங்குங்கள். அது இல்லாமல் 0.2 வித்தியாசத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

படிவம் கொடுக்கும் நாளில் சக ஆசிரியர் ஒருவர் இனிப்புக் கொடுக்கிறார். உண்மையிலேயே எண் ஏறுமா?

ஏறும். 2018இல் வெளியான ஆய்வில் மருத்துவ மாணவர்களில் சில குழுக்களுக்கு மட்டும் வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். அந்தக் குழுக்கள் ஆசிரியருக்கும் பாடப்பொருளுக்கும் கூடுதல் எண் போட்டன.

பெயரில்லாத படிவத்தில் என் உடலைப் பற்றி அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள். சட்டப்படி என்ன செய்யலாம்?

படித்ததும் மனசு வலித்தது. சட்டம் என் துறை இல்லை. படிவத்தின் நகலை வைத்துக்கொண்டு உங்கள் ஆசிரியர் சங்கத்தையும் ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். தனியாகச் சுமக்காதீர்கள்.

அப்படியென்றால் பதவி உயர்வுக்கு எதைத்தான் பார்ப்பது? (மேலே கேட்ட துறைத்தலைவர்)

ஆசிரியர் வைத்த கேள்வித்தாளையும் திருத்திய விடைத்தாளையும் பாருங்கள். அதே துறை தெரிந்த இருவர் சொல்லிவிட்டுப் போய் வகுப்பில் உட்காரட்டும், ஒரு முறை போதாது. அவரிடம் படித்தவர்கள் அடுத்த தாளில் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும், எண் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். அதனால்தான் குழுக்கள் எண்ணைப் பிடித்துக்கொள்கின்றன, நான் இருந்த குழுவும் அப்படித்தான் செய்தது. கனடாவின் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் வில்லியம் கப்லன், பதவி உயர்வுக்கும் நிரந்தரப் பணிக்கும் கற்பித்தல் திறனை இந்தப் படிவங்களால் அளக்கக்கூடாது என்றே தீர்ப்பளித்தார்.

கடைசியாக அதே மாணவி: நாளைக்கு எங்களுக்குப் படிவம் தருகிறார்கள். கருத்துப் பெட்டியில் என்ன எழுதட்டும்?

எந்த வாரம், எந்தப் பாடம், எந்த இடத்தில் விட்டுப்போனது என்று எழுது. நீ எந்த வரிசையில் உட்கார்ந்தாய் என்பதையும் எழுது.